சென்சாரை எண்ணும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் காற்றையும் கால்வாய்த் தண்ணீரையும் அளக்க, சின்னச் சின்ன வயர்லெஸ் கருவிகளை மொட்டை மாடியிலும் பாலத்தடியிலும் வைக்கும் யோசனை வந்தாலே எந்த சென்சார் நல்லது, ஒன்று என்ன விலை, எத்தனை வாங்கலாம் என்றுதான் பேச்சு போகிறது. அந்தக் கருவிகளுக்குள் ஓடும் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கேட்பவர் குறைவு. ஒத்துப்போகாவிட்டால் மற்ற செலவெல்லாம் தண்டம் என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படி ஓர் இரவில், 600 மீட்டர் இடைவெளியில் இரண்டு வாயுக் கருவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. வாயு முதல் கருவியைத் தொட்ட 200 நொடி கழித்து இரண்டாவதைத் தொடும். முதல் கருவியின் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தால், பதிவில் இரண்டாவது கருவிதான் 40 நொடி முன்னதாக வாயுவைக் கண்டதாக இருக்கும். வாயு வந்த திசையே தலைகீழாகிவிடும். இரவில் தரைக்காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று என்று ஒரே நாளில் காற்று திசை மாறுகிற ஊர் இது. பதிவில் திசை தவறினால், விசாரணை தவறான மதில் சுவரில் போய் முட்டும்.

நான்கு நிமிடம் எப்படி விலகும் என்று கேட்கலாம். தானாகவே விலகும். அதற்கு எந்தப் பழுதும் வேண்டியதில்லை.

இந்தக் கருவிகளின் கடிகாரம் ஓடுவது ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலால். நொடிக்கு 32,768 முறை அதிரும் அரிசிமணி அளவுத் துண்டு அது. பதினைந்து 2களை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது 32,768 என்பதால், 15 முறை இரண்டால் வகுத்தாலே ஒரு நொடி கிடைத்துவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண கிரிஸ்டலின் துல்லியம் கூட்டல் கழித்தல் 20 பிபிஎம். அதாவது பத்து லட்சத்தில் இருபது பங்கு. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஒரு நாளில் 86,400 நொடி என்பதால், நாளொன்றுக்கு 1.7 நொடி. மாதத்துக்கு 52 நொடி. ஒரு கருவி முந்தியும் இன்னொன்று பிந்தியும் ஓடினால் இரண்டுக்கும் இடையே மாதத்துக்கு 104 நொடி. பத்து வாரத்தில் அந்த நான்கு நிமிடம் வந்துவிடும்.

இது 25 டிகிரியில் சொல்லும் கணக்கு. இந்த வகை கிரிஸ்டல் 25 டிகிரியை விட்டு எந்தப் பக்கம் போனாலும் பிந்தும். வெயிலில் முந்தி, குளிரில் பிந்தி, கடைசியில் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. விலகிய டிகிரியை அதனாலேயே பெருக்கி 0.034ஆல் பெருக்கினால், எத்தனை பிபிஎம் பிந்தும் என்பது கிடைக்கும். மே மாத மதியத்தில் தகரக் கூரை மேல் வைத்த சாம்பல் நிற ஜங்ஷன் பாக்ஸுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், விலகல் 35 டிகிரி. 35ஐ 35ஆல் பெருக்கினால் 1,225. அதிலிருந்து 42 பிபிஎம். அந்தச் சூடு நாளுக்கு ஆறு மணி நேரம் நீடித்தாலே கூடுதலாக 0.9 நொடி பிந்தும். மாடியில் வைத்ததும் படிக்கட்டு நிழலில் வைத்ததும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த கருவிகளாகவே இருந்தாலும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். வெள்ளைப் பெட்டியும் அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிழலுக்கு ஒரு தகடும் வைத்தால் கடிகாரமும் திருந்தும், பேட்டரியும் பிழைக்கும்.

கிரிஸ்டலின் இரண்டு பக்கமும் வைக்கும் கப்பாசிட்டர்களில்தான் பலர் தவறுகிறார்கள். கிரிஸ்டலின் விவரத்தாளில் அது தாங்க வேண்டிய கப்பாசிட்டன்ஸ் சுமை 12.5 பிகோஃபேரட் (கப்பாசிட்டரை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தால், ஒவ்வொரு பக்கமும் 12.5 வைக்க வேண்டும் என்று பொருளல்ல. பலகையின் செப்புத் தடங்களே சுமார் 3 பிகோஃபேரட் தரும். 12.5இல் 3 போனால் 9.5, அதன் இரட்டிப்பு 19, ஆகவே பக்கத்துக்கு 18 பிகோஃபேரட் போடலாம். சுமை கூடினால் கடிகாரம் பிந்தும், குறைந்தால் முந்தும். 6 பிகோஃபேரட் சுமைக்கு வடிவமைத்த சிப்பில் 12.5 பிகோஃபேரட் கிரிஸ்டலைப் போட்டால் மாதம் 3, 4 நிமிடம் முந்தும். இரண்டும் கடையில் ஒரே டப்பாவில், ஒரே தோற்றத்தில் கிடக்கும் என்பதால் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கிரிஸ்டலின் கால்கள் மிக நுண்ணிய மின்னோட்டத்தில் வேலை செய்பவை. சோல்டர் நன்றாகப் பிடிக்கத் தடவி, பின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் மேல் உப்புக் காற்றின் ஈரம் படிந்தால், அந்த இரண்டு கால்களுக்கும் இடையே மெல்லிய கசிவு ஏற்படும். கடிகாரம் விடியற்காலையில் நின்றுபோய், வெயில் ஏறியதும் மறுபடி ஓடும். பகலில் போய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்! ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு பலகையைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, அதன்பின் பாதுகாப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பூச்சும் கொஞ்சம் கப்பாசிட்டன்ஸ் சேர்க்கும். அதனால் கடிகாரத்தைச் சரிபார்ப்பது பூச்சுக்குப் பிறகுதான். வாயு சென்சாரின் வாயில் பூச்சு படாமல் டேப் ஒட்டி மறைக்க மறக்கக் கூடாது.

இத்தனையும் செய்ய முடியாதென்றால் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பைப் போட்டுவிடுவது நல்லது. கிரிஸ்டலும் வெப்பமானியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 64 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம், அதற்கு அப்பால் 85 டிகிரி வரை 3.5 பிபிஎம் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. 2 பிபிஎம் என்றால் மாதத்துக்கு ஐந்தேகால் நொடி. பழைய டிஎஸ்1307 இன்னும் மலிவு, ஆனால் அதில் வெப்பத் திருத்தம் கிடையாது. மாடியில் வைக்கும் கருவிக்கு அது வேண்டாம்.

ரிச்சி தெருவில் கிடைக்கும் நீல நிற டிஎஸ்3231 மாட்யூலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வைத்திருக்கிறார்கள். அது சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 பேட்டரிக்காக வைத்தது. நாம் போடுவது சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர்2032. 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பி, கசிந்து, பலகையை அரித்துவிடும். அந்த ரெசிஸ்டரைச் சோல்டர் இரும்பால் எடுத்துவிட்டால் போதும். மலிவாக வரும் மாட்யூல்களில் போலிச் சிப்பும் கழற்றி விற்ற சிப்பும் கலந்திருக்கும். ஜிபிஎஸ் மாட்யூல் நொடிக்கு ஒருமுறை தரும் துடிப்போடு 24 மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அறை வெப்பத்தில் ஒரு நாளில் 0.17 நொடிக்கு மேல் விலகினால் அது சொன்ன தரத்தில் இல்லை. சிறிய விலகலைச் சிப்புக்குள் இருக்கும் வயதுத் திருத்தப் பதிவேட்டில் சரிசெய்யலாம்: ஒரு படி ஏறக்குறைய 0.1 பிபிஎம், எண்ணைக் கூட்டினால் கடிகாரம் மெதுவாகும்.

இந்தச் சிப்பில் அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வசதி, "இடையில் நின்றுபோனேன்" என்று அது எழுதிவைக்கும் ஒற்றை பிட். பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றால் அந்த பிட் 1 ஆகிவிடும், நாம் அழிக்கும்வரை அப்படியே இருக்கும். கருவி விழித்ததும் முதல் வேலையாக இதைப் படிக்க வேண்டும். 1 என்றிருந்தால் அந்த நேரத்தை நம்பக் கூடாது. இதைப் படிக்காமல் விட்டதால்தான் பதிவுகளில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 என்ற தேதி வந்து உட்காருகிறது. 1970 ஜனவரி 1 என்று வந்தால் அது கருவியின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் தன் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியதற்கு அடையாளம்.

பேட்டரியை மிச்சப்படுத்த ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும் இஎஸ்பி32 போன்ற சிப்புகளை நம்பி நேரம் எண்ணுவது இன்னும் மோசம். தூங்கும்போது அவை கிரிஸ்டலை விட்டுவிட்டு, உள்ளேயிருக்கும் துல்லியம் குறைந்த ரெசிஸ்டர்-கப்பாசிட்டர் அலையியற்றிக்கு மாறிவிடுகின்றன. 1 விழுக்காடு தவறினாலே மணிக்கு 36 நொடி. அதற்கு வெளியில் தனி 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அல்லது டிஎஸ்3231 கட்டாயம்.

எவ்வளவு நல்ல கடிகாரமானாலும் அவ்வப்போது வெளியிலிருந்து திருத்தத்தான் வேண்டும். வைஃபை இருக்கும் இடத்தில் வழி சுலபம்: இணையம் வழியாக ஒரு சர்வரிடம் நேரம் கேட்கும் என்டிபி. டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட முறை இது. நான்கு நேரங்களை வைத்துக் கணக்குப் போடுகிறது. கருவி தன் கடிகாரப்படி 10:00:00.000க்குக் கேட்கிறது. சர்வர் தன் கடிகாரப்படி 10:00:02.040க்குப் பெற்று, 10:00:02.041க்குப் பதில் அனுப்புகிறது. கருவிக்கு அது 10:00:00.081க்கு வந்து சேர்கிறது. போகும்போது உள்ள வித்தியாசம் 2.040, வரும்போது 1.960, இரண்டின் சராசரி 2.000. கருவி சரியாக இரண்டு நொடி பிந்தியிருக்கிறது. வழியில் செலவான நேரம் 80 மில்லி நொடி. போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும் என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு இது. போக 70, வர 10 என்று ஆனால் 30 மில்லி நொடி தவறு ஒளிந்துகொள்ளும். கைபேசி டேட்டாவில் இது சகஜம். எனவே ஒரே பதிலை நம்பாமல், எட்டுப் பதில்களில் மிகக் குறைந்த நேரத்தில் வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் கேட்க வேண்டிய இடம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். இந்திய நேரத்தைப் பேணும் பொறுப்பு அதனுடையது. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி, கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் தங்கள் கணினிகளின் நேரத்தை தேசிய தகவல் மையத்தின் அல்லது இந்த ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. கால்வாயோரக் கருவிக்கும் அதே ஒழுங்கை எதிர்பார்ப்பது அதிகமில்லை.

கரன்ட் போய் வரும்போதுதான் கூத்து. கரன்ட் வந்ததும் கருவி இரண்டு நொடியில் எழுந்துவிடும். ரவுட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் மூன்று முறை நேரம் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல், கருவி 1970இலேயே பதிவைத் தொடங்கிவிடுகிறது. நேரம் கிடைக்கும்வரை விடாமல் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு முன் 0 முதல் 300 நொடிக்குள் ஏதாவதொரு எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்துக் காத்திருக்கவும் வேண்டும். ஒரே ஃபீடரில் (மின் வழித்தடத்தில்) இருக்கும் ஐம்பது கருவிகளும் ஒரே நொடியில் கேட்டால் பாதிக்குப் பதில் வராது. அதுவரை வரும் அளவுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பூட் எண் (கருவி எழுந்தது எத்தனையாவது முறை), பூட் ஆனதிலிருந்து கடந்த மில்லி நொடி என இரண்டையும் சேர்த்து எழுதிவைத்தால், நேரம் கிடைத்தபின் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம்.

சிம் கார்டு மாடம் வைத்த கருவிகளில் நெட்வொர்க்கே நேரம் தருகிறது. அந்தப் பதிலின் கடைசியில் கூட்டல் 22 என்று வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கால் மணி நேரக் கணக்கு அது: 22 கால் மணி நேரம் ஐந்தரை மணி நேரம். அதற்கு முன்னால் இருப்பது ஏற்கெனவே இந்திய நேரம். அதன்மேல் இன்னும் ஐந்தரையைக் கூட்டிவிட்டு, மணலியில் காலை நெரிசல் மதியம் ஒன்றரைக்கு என்று படம் வரைந்து காட்டுவார்கள். கருவிக்குள்ளும் சர்வரிலும் உலகப் பொது நேரமான யுடிசி மட்டுமே இருக்கட்டும். திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரையைக் கூட்டினால் போதும். லினக்ஸ் பாணியில் நேர மண்டலத்தை எழுதும்போது இன்னொரு பொறி: அங்கே குறி தலைகீழ். ஐஎஸ்டி என்று போட்டு அடுத்து கழித்தல் 5:30 என்று எழுத வேண்டும். கூட்டல் போட்டால் 11 மணி நேரம் தவறும்.

நேரக் குழப்பம் இந்த ஊருக்குப் பழையது. 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் கணித்த சென்னை நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். ரயில்வேக்கள் பின்னாளில் அதைத்தான் பொது நேரமாக வைத்துக்கொண்டன. 1906இல் இந்தியப் பொது நேரம் வந்தபோது வித்தியாசம் 8 நிமிடம் 46 நொடி. அன்றைக்கு இரண்டு நேரம் என்றாலும் எது எது என்று எழுதிவைத்திருந்தார்கள். நம் கருவிகள் அதைக்கூடச் செய்வதில்லை.

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாயோரம் போல வைஃபை கிடைக்காத இடங்களுக்கு, ஒரு கருவியில் ஜிபிஎஸ் வைத்து அதைத் தலைவனாக்கி, மற்றவற்றுக்குக் குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ மூலம் நேரம் அனுப்பலாம். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை. இதில் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறும் இடம் இதுதான்.

முதலில் ஜிபிஎஸ். மாட்யூல் இரண்டு வழியில் நேரம் தரும். ஒன்று, நொடி தொடங்கும் கணத்தில் ஒரு காலில் வரும் துடிப்பு. நியோ-6எம் போன்ற சாதாரண மாட்யூலிலேயே இது மைக்ரோ நொடிக்குள் சரியாக இருக்கும். மற்றொன்று சீரியல் வழியாக வரும் எழுத்து வரி. அது 9,600 பாட் (நொடிக்கு 9,600 பிட்) வேகத்தில் துடிப்புக்குப் பிறகு பல பத்து, சில சமயம் சில நூறு மில்லி நொடி கழித்து வந்து சேரும். எழுத்தை மட்டும் படித்தால் கடிகாரம் தள்ளாடும். துடிப்பை இன்டரப்டில் (மற்ற வேலையை நிறுத்தி உடனே கவனிக்கும் வழியில்) பிடித்து, அடுத்து வரும் எழுத்து வரியை அந்தத் துடிப்புக்குப் பெயராகச் சூட்ட வேண்டும். வரி தாமதமாகி அடுத்த துடிப்பின் கணக்கில் விழுந்தால் முழுசாக ஒரு நொடி தவறும். மாட்யூல் எழுந்தவுடன் தரும் நேரத்தையும் நம்பக் கூடாது. ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட 18 நொடி முந்தியது. எத்தனை நொடி கழிக்க வேண்டும் என்ற தகவலைச் செயற்கைக்கோளிலிருந்து முழுதாகப் பெற 12.5 நிமிடம் வரை ஆகும். முதல் கால் மணி நேரத்தை ஒதுக்கிவிடுவது நல்லது. பழைய மாட்யூல்கள் 1,024 வாரத்துக்கு ஒருமுறை தேதியில் ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னே போய்விடும். 2019 ஏப்ரல் 6ஆம் தேதி அப்படி ஒரு சுற்று முடிந்தது.

அடுத்து ரேடியோ. "இப்போது மணி 10:00:00" என்று செய்தியில் எழுதி அனுப்பினால், அது பெறுபவரிடம் சேரும்போது மணி அதுவாக இருக்காது. லோராவின் மிக மெதுவான, மிகத் தொலைவு எட்டும் எஸ்எஃப்12 முறையில் 20 பைட் செய்தி காற்றில் பறக்கவே ஒரு நொடிக்கு மேலாகும். அனுப்பும் மென்பொருள் வரிசையில் காத்திருக்கும் நேரம் அதற்கு மேல். ஆகவே இரண்டு செய்திகளாக அனுப்ப வேண்டும். முதல் செய்தி வெறும் எண். அது முழுதாக அனுப்பி முடிந்த கணத்தில் எஸ்எக்ஸ்1276 என்ற லோரா சிப்பின் டிஐஓ0 கால் உயரும். அந்தக் கணத்தைத் தலைவன் இன்டரப்டில் குறித்துக்கொள்ளும். பெறும் கருவியிலும் செய்தி வந்து முடிந்த கணத்தில் அதே கால் உயரும். அதுவும் தன் கடிகாரப்படி குறித்துக்கொள்ளும். இந்த இரண்டு கணங்களும் ஏறக்குறைய ஒன்றே. ரேடியோ அலை 3 கிலோமீட்டரைக் கடக்க 10 மைக்ரோ நொடிதான் எடுக்கும், அதை மறந்துவிடலாம். அடுத்த செய்தியில் "முந்தைய எண்ணை நான் அனுப்பி முடித்தது இந்த நேரத்தில்" என்று தலைவன் சொல்ல வேண்டும். செய்தி எவ்வளவு நீளம், வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் கணக்கிலிருந்தே கழன்றுவிடும். மிஞ்சும் பிழை மிகச் சிறியதாகிவிடும்.

இப்படிக் கிடைக்கும் (தலைவன் நேரம், கருவி நேரம்) ஜோடிகளில் கடைசி எட்டை வைத்துக்கொண்டு நேர்கோடு பொருத்த வேண்டும். கோட்டின் சாய்வு கருவி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைச் சொல்லும். 2004இல் வெளிவந்த எஃப்டிஎஸ்பி என்ற முறையும் இதே அடிப்படையில்தான் நேரத்தைப் பரப்புகிறது. ஒரே ஒரு ஜோடியை வைத்துக் கடிகாரத்தைத் தூக்கி நகர்த்துவது பெரும் தவறு. பின்னோக்கி நகர்த்தினால் ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவுகள் வரும்; தரவுத்தளம் ஒன்றை விழுங்கிவிடும். கருவியின் எண்ணி எப்போதும் முன்னேதான் ஓட வேண்டும். அதை உலக நேரமாக மாற்றும் வாய்ப்பாட்டை மட்டும் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

சாய்வு தெரிந்தால் பேட்டரியும் மிச்சமாகும். 20 பிபிஎம் கருவிகள் இரண்டு ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால், எதிரெதிராக விலகி 144 மில்லி நொடி வரை தள்ளியிருக்கும். பெறுபவர் அவ்வளவு முன்னதாகவே ரேடியோவைத் திறந்து, அவ்வளவு பின்னும் காத்திருக்க வேண்டும்: மொத்தம் 288 மில்லி நொடி. சாய்வைத் திருத்தி விலகலை 2 பிபிஎம்முக்குக் கொண்டுவந்தால் முன்னால் ஏழு, பின்னால் ஏழு, மொத்தம் 14 மில்லி நொடி திறந்தாலே போதும்.

மென்பொருளில் இரண்டு பொறிகளை மட்டும் சொல்கிறோம். 32 பிட் மில்லி நொடி எண்ணி 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஐம்பது நாள் கழித்துக் கருவி ஊமையாகிவிட்டது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். "இப்போதைய எண் இலக்கைவிடப் பெரியதா" என்று கேட்காமல், குறியில்லா எண்களாக வைத்து, "இப்போதையதிலிருந்து தொடங்கியதைக் கழித்தால் இடைவெளியைத் தாண்டியதா" என்று கேட்டால் இந்தப் பிரச்சினையே வராது. இரண்டாவது, நேரத்தை ஃப்ளோட் (தசமப் புள்ளி) வகை எண்ணில் வைப்பது. 1970இலிருந்து எண்ணும் நொடிகள் இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டன. 32 பிட் ஃப்ளோட்டில் அந்த அளவு எண்கள் 128 நொடிப் படிகளில்தான் நகரும். ஆர்3 வரையிலான ஆர்டுயினோ ஊனோவில் டபுள் என்று எழுதினாலும் உள்ளே அதே 32 பிட்தான். நேர்கோடு பொருத்தும் முன் எல்லா நேரங்களிலிருந்தும் முதல் நேரத்தைக் கழித்துச் சின்ன எண்களாக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லா வேலைக்கும் மைக்ரோ நொடி வேண்டுமா? வேண்டாம். கொடுங்கையூர் கால்வாயின் நீர்மட்டத்துக்கு ஒரு நிமிடத் துல்லியம் போதும். தூசிக்கும் வாயுவுக்கும் ஒரு நொடி தாராளம். பூமிக்கடியில் கசியும் குடிநீர்க் குழாயின் ஒலியைக் கேட்டு இடம் கண்டுபிடிப்பது வேறு கதை. குழாயின் இரு முனைகளில் ஒலி உணரிகளை வைத்து, கசிவின் ஓசை ஒன்றைவிட மற்றொன்றுக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்க்கிறார்கள். 100 மீட்டர் வார்ப்பிரும்புக் குழாய், அதில் ஒலி வேகம் நொடிக்கு 1,200 மீட்டர், தாமதம் 20 மில்லி நொடி என்றால், 100இலிருந்து 24 கழித்துப் பாதியாக்க வேண்டும்: ஓசை முதலில் எட்டிய முனையிலிருந்து 38 மீட்டரில் கசிவு. கடிகாரங்கள் 10 மில்லி நொடி முரண்பட்டால் இடம் 6 மீட்டர் தள்ளிப்போகும். ராயபுரத்துச் சந்துகளில் 6 மீட்டர் என்பது அடுத்த வீட்டு வாசல். அங்கே தோண்டிவிட்டுத் தண்ணீரைக் காணோம் என்று நிற்க வேண்டியதுதான்.

கருவிகளை மாட்டும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டாம். எல்லாக் கருவிகளையும் ஒரே மேசையில் வைத்து, கிரவுண்டுகளை ஒன்றாக இணைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளீட்டுக் காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 3.3 வோல்டுக்கு இழுத்துவைத்து, கருவிக்கு ஒரு டையோடு வழியாக எல்லாவற்றையும் ஒரே பொத்தானோடு சேர்க்க வேண்டும். டையோடின் கோடு போட்ட முனை பொத்தான் பக்கம் இருக்கட்டும். பொத்தானின் மறுபக்கம் கிரவுண்டுக்கு. அழுத்தியதும் எல்லாக் கருவிகளும் தத்தம் நேரத்தை எழுதும். பொத்தான் அதிர்வதால் முதல் விளிம்பை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த 50 மில்லி நொடியை விட்டுவிட வேண்டும். திருத்தத்தை நிறுத்திவைத்து, 24 மணி நேரம் கழித்து மறுபடி அழுத்துங்கள். இரண்டு அழுத்தலுக்கும் இடையே வித்தியாசம் எத்தனை நொடி மாறியதோ, அதை 86,400ஆல் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்கினால் பிபிஎம். ஒரு கருவியை மட்டும் வெயிலில் வைத்து இன்னொரு நாள் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. கரன்டைப் பிடுங்கிப் போடும் சோதனையை ஐந்து முறையாவது செய்ய வேண்டும்; அதில் ஒன்றை ரவுட்டரையும் சேர்த்துப் பிடுங்கிச் செய்ய வேண்டும்.

மாநகராட்சியோ, வாரியமோ, கல்லூரியோ இத்தகைய கருவிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, சென்சாரின் தரத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பற்றி "நேரம் பதிவாக வேண்டும்" என்று ஒரே வரியில் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் அளவோடு சேர்ந்து மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்: யுடிசி நேரம், கடைசியாக ஒத்திசைத்து எத்தனை நொடி ஆயிற்று, அந்த நேரம் நம்பத்தக்கதா இல்லையா என்ற ஒற்றைக் குறி. பதிவுக்கு ஆறேழு பைட்தான் கூடும். பொதுமக்களுக்கு இணையத்தில் வெளியிடும் தரவிலும் இந்த மூன்று விவரங்களையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும். குறி "நம்ப முடியாது" என்று சொல்லும் அளவை வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டலாம். இதைக் கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஏற்புச் சோதனையை டிசம்பரில் ஏசி அறையில் வைத்து முடித்துவிடுவது வழக்கமாக இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம். 25 டிகிரியில் எந்தக் கிரிஸ்டலும் யோக்கியமாகவே ஓடும். மே மாதம் இரண்டாவது வாரம், மணலியில் நிழலில்லாத ஒரு மொட்டை மாடியில் ஏழு நாள் வைத்து, அதன்பின் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவி வடிவமைப்பில் இருக்கும் வாசகர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.